மரை

இங்கினியாகலை, ஸ்டோர் நம்பர் மூன்று.
தகரக் கூரைக்குக் கீழே எண்ணிக்கொண்டிருந்தேன்.
நட்டு நானூற்றுப் பன்னிரண்டு,
போல்ட்டு முந்நூற்றுத் தொண்ணூறு.
இருபத்திரண்டு நட்டு கூடக் கிடக்கிறது,
எதற்கென்று எவருக்கும் தெரியாது.

எங்கள் பட்டிப்பளை ஆற்றைக்
கல்லோயா என்று எழுதி மறிக்க வந்தவர்கள்
கோட்டை எதுவும் கட்டவில்லை.
ஒரு ஞாயிறு லண்ட்கிரென் துரையை
மட்டக்களப்புக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன்.
"பறங்கி கட்டினது, ஒல்லாந்தன் பிடிச்சது,
வெள்ளைக்காரன் கச்சேரி வைச்சது" என்றேன்.
அவர் பீரங்கியின் வாய்க்குள் கையை விட்டார்.
வைக்கோலும் இறகும் வந்தன.
"பராமரிப்புச் செலவு அதிகம்" என்றார்.
"நாங்கள் கூலிக்கு வந்தவர்கள்.
வேலை முடிந்தால் போய்விடுவோம்."

அது பொய்யில்லை.

அவருடைய மேசையில் ஒரு படம்.
மணிலாவுக்கு வெளியே,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது.
தொப்பி, துவக்கு, வெயிலில் ஒரு சிரிப்பு.
ஓரத்தில் எருமை ஒன்று,
சம்மாந்துறை வட்டைக்குள் நிற்கிற அதே எருமை,
அதே வளைந்த கொம்பு.
கயிற்றைப் பிடித்த கை மட்டும்
படத்துக்குள் வந்திருந்தது.
கைக்குரியவனைச் சட்டம் வெட்டியிருந்தது.
"ஆர் இது?" என்று கேட்டேன்.
"அப்பா" என்றார்,
நடுவில் நின்றவரைத் தொட்டு.

அப்பாவுக்குப் பிறகு சித்தப்பா, பனாமாவில் கால்வாய்.
மாமா ஒருவர் ஹவாயில், கரும்பு.
(இங்கேயும் கரும்பு வைக்கப்போகிறார்களாம்.)
ஸ்பெயின்காரனிடம் தீவுகள் வாங்கின கதையை
அக்கரைப்பற்றில் காணி வாங்கினவன் போலச் சொன்னார்:
இருபது மில்லியன் டாலர், கையெழுத்து,
ஆட்களும் உள்ளடங்கலாக.
"ஆட்களிடம் கேட்டார்களா?"
"மழை வரும்போல இருக்கிறது" என்றார்.

மழை வந்தது.
கார்த்திகையில் புல்டோசர் ஒன்று சேற்றில் நின்றுபோனது.
ஆதம்பாவா காக்கா
கொழும்பில் வாங்கின போல்ட்டைப் பூட்டிப் பார்த்தார்.
ரெண்டு சுற்று ஓடியது, பிறகு கடித்துக்கொண்டது.
எண்ணெய் விட்டார், பிஸ்மி சொன்னார்,
ஸ்பானரில் ஏறியே நின்றார்.
கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"தம்பி, இங்கிலீஸ் மரை வேற, அமெரிக்கன் மரை வேற.
பல்லு ஒத்துவராது.
இனி எது கழண்டாலும் அவன்ட்டதான் போகணும்."

அன்றிரவு நீர் இன்னும் ஏறியது.
காடு மேடு மேடாக ஒதுங்கி
கடைசி மேடும் தீவாகிவிட,
கொம்போடு ஒன்று நின்று கத்தியது.
லண்ட்கிரென் டோர்ச் அடித்தார்.
இரண்டு கண், பச்சை நெருப்பு.
"உங்கள் பாஷையில் இதற்கு என்ன பெயர்?"
"மரை."
ஆதம்பாவா காக்கா இருட்டில் சிரித்தார்.
ஏனென்று துரை கேட்டார்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

சொன்னபடியே போனார்கள்,
சொன்ன நாளுக்கு முன்பே.
இறக்குவதற்குக் கொடி இருக்கவில்லை.
விட்டுப்போன வண்டிகள் ஒவ்வொன்றாய் நின்றன.
ஒன்றின் குடலை உருவி மற்றதுக்குப் பூட்டினோம்,
உருவ ஒன்றும் மிஞ்சாத வரைக்கும்.

பிறகு வருசங்கள் கழித்து மா வந்தது.
மூட்டையில் இரண்டு கை குலுக்கிக்கொள்ளும் படம்.
இரண்டுக்கும்
மணிக்கட்டுக்கு மேலே ஆளில்லை.
அமெரிக்கன் மா என்றுதான் வீட்டில் பெயர்.
ரொட்டி நல்லாத்தான் வருகிறது,
குறை சொல்ல மாட்டேன்.
அரிசி மா மாதிரி உதிராது,
இழுத்தால் இழுபடும்.

மூட்டைத் துணியில் களிசான் தைத்து
ஆதம்பாவாவின் இளையவன் போட்டிருக்கிறான்.
வாய்க்காலின் கடைசி மடை எங்களது.
தண்ணீர் வந்துவிட்டதா பார் என்று அனுப்பினோம்.
வரம்பில் ஓடுகிறான்,
பின்பக்கத்தில் அந்த இரண்டு கையும்
விடாமல் குலுக்கிக்கொண்டே போகின்றன.

அங்கிருந்து கத்துகிறான்:
இன்னும் இல்லையாம்.